ஒரு முடியளவு தூரம்: உயிர்கள் சத்தையும் கழிவையும் உடலுக்குள் கடத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இதயத்தின் படத்தை வரைந்து நான்கு அறைகளுக்கும் பெயர் எழுதத் தெரிந்த பிள்ளையிடம், "உன் கால் பெருவிரலில் இருக்கிற ஒரு செல் எப்படிச் சாப்பிடுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முழிக்கும். பாகங்களின் பெயர் தெரியும், பாதை தெரியாது. பல வருடமாக உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பாடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் எப்போதும் இதுதான். இதயம், சிறுநீரகம், செடிக்குள் தண்ணீர் ஏறும் சைலம், சர்க்கரை போகும் புளோயம் எல்லாம் தனித்தனிப் பாடங்களாக மனதில் பதிந்துவிடுகின்றன. அவை அத்தனையும் ஒரே சிக்கலுக்குக் கிடைத்த வெவ்வேறு விடைகள் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்தச் சிக்கலின் பெயர் தூரம். அங்கிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வரும். கீழே இருக்கும் படிகளை அதே வரிசையில் போங்கள். சோதனைகளைத் தாண்டிப் போகாதீர்கள், அவற்றுக்கு வீட்டில் இருக்கும் பொருள்களே போதும்.

படி 1: பரவலின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

அசையாத தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டால் அது தானாகப் பரவும். யாரும் கலக்க வேண்டாம், ஆற்றலும் செலவாகாது. மூலக்கூறுகள் ஓயாமல் முட்டி மோதிக்கொண்டே இருப்பதால், அதிகம் இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்கு மொத்தக் கூட்டமும் நகர்கிறது. இதைத்தான் பரவல் என்கிறோம். உயிர்களுக்கு இது இலவசமாகக் கிடைத்த போக்குவரத்து.

ஆனால் இதில் ஒரு பெரிய குறை உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு. தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு செல்லின் அகலமான 0.01 மி.மீ. தூரத்தைக் கடக்க ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்குதான் ஆகும். 1 மி.மீ. கடக்க நான்கு நிமிடம். 1 செ.மீ. கடக்க ஏழு மணி நேரம். 1 மீட்டர் கடக்க ஏறக்குறைய எட்டு ஆண்டுகள்!

இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். நுரையீரலிலிருந்து பெருவிரல் வரை பரவலை மட்டும் நம்பி இருந்தால் ஒரு மூச்சுக் காற்று போய்ச்சேரப் பத்தாண்டுக்கும் மேல் ஆகும்.

கண்ணால் பார்க்க ஒரு சோதனை. தண்ணீரில் மை விட்டால் உள்ளே இருக்கும் சிறு நீரோட்டங்களும் அதை இழுத்துப் போகும், சுத்தமான பரவலைப் பார்க்க முடியாது. அதனால் அகர் அல்லது ஜெலட்டின் பொடியை வெந்நீரில் கரைத்து, ஒரு கண்ணாடிக் குவளையில் உறைய விடுங்கள். மேலே உணவுச் சாயக் கரைசலை ஊற்றுங்கள். சாயம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று ஒரு மணி நேரம் கழித்து அளங்கள், நான்கு மணி நேரம் கழித்து மறுபடி அளங்கள். நேரம் நான்கு மடங்கு கூடியும் ஆழம் இரண்டு மடங்கைச் சுற்றித்தான் இருக்கும்.

கூடவே இன்னொரு சின்னக் கணக்கும் போட்டுவிடுங்கள். 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் புறப்பரப்பு 6, கன அளவு 1. பக்கம் 2 செ.மீ. ஆனால் 24-க்கு 8, அதாவது ஒரு பங்கு கன அளவுக்கு 3 பங்கு பரப்பு. 10 செ.மீ. ஆனால் 600-க்கு 1000, அதாவது 0.6 பங்குதான். உடல் பெருக்கப் பெருக்கச் சாப்பிட வேண்டிய வயிறு கூடுகிறது, அதற்குத் திறக்கும் வாசல் குறைந்துகொண்டே போகிறது.

படி 2: வாசலைக் கவனியுங்கள்

செல்லுக்குள் எதுவும் சும்மா நுழைந்துவிட முடியாது, செல்சவ்வு காவல் இருக்கிறது. ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் சவ்வை ஊடுருவிப் போகும். தண்ணீர், கரைபொருள் அதிகமுள்ள பக்கம் நகரும். அதுதான் சவ்வூடு பரவல். சர்க்கரையும் உப்பு அயனிகளும் அதற்கென்று இருக்கும் புரதக் கதவுகள் வழியாகத்தான் போக முடியும். செறிவு குறைந்த இடத்திலிருந்து கூடிய இடத்துக்கு, அதாவது மேட்டில் ஏற்றித் தள்ள, ஏடிபி என்ற மூலக்கூறில் செல் சேர்த்துவைத்திருக்கும் ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். அது செயல்மிகு கடத்தல். சவ்வில் இருக்கும் சோடியம்–பொட்டாசியம் பம்பு என்ற புரதம் ஒரு ஏடிபியைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் நின்று பார்க்க வேண்டும். சிறுகுடல் செல்லில் ஒரு கதவு இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். பம்பு சோடியத்தை ஓயாமல் வெளியேற்றுவதால் செல்லுக்குள் சோடியம் குறைவு. வெளியே இருக்கும் சோடியம் உள்ளே ஓடிவரும்போது குளுக்கோஸையும் கையோடு இழுத்து வருகிறது, இரண்டின் பின்னால் தண்ணீரும் வருகிறது. இந்த ஏற்பாட்டை 1960-இல் ராபர்ட் கிரேன் என்ற உயிர்வேதியியலாளர் முன்வைத்தார். வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் இந்தக் கதவை நம்பித்தான் வேலை செய்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கரைசலில் சோடியமும் குளுக்கோஸும் சம எண்ணிக்கையில், லிட்டருக்கு 75 மில்லிமோல் வீதம் இருக்கும். சர்க்கரை சுவைக்காகச் சேர்க்கப்படவில்லை. அது இல்லாவிட்டால் உப்பும் தண்ணீரும் போதுமான அளவு உள்ளே வராது. ஒரு சவ்வுக் கதவைப் புரிந்துகொண்டதால் கோடிக்கணக்கான குழந்தைகள் பிழைத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது, இந்தப் பாடத்தைக் கடனே என்று நடத்த எனக்கு மனம் வருவதில்லை.

படி 3: இதயமே இல்லாமல் வாழ்கிறவர்களைப் பாருங்கள்

அமீபாவுக்கு ரத்தமும் கிடையாது, குழாயும் கிடையாது. ஒரே செல் என்பதால் எல்லாமே பரவல் தூரத்துக்குள் இருக்கிறது. நன்னீரில் வாழும் பாரமீசியத்துக்கு வேறு தொல்லை. தண்ணீர் ஓயாமல் உள்ளே வந்துகொண்டே இருக்கும். சுருங்கும் நுண்குமிழ் அதைச் சேர்த்துச் சேர்த்து வெளியே பீய்ச்சுகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு சின்ன வட்டம் மெல்லப் பெருத்துச் சட்டென்று மறையும், திரும்ப அதே இடத்தில் பெருக்கும். முதல் தடவை பார்க்கிற பிள்ளைகள் அதை இதயம் என்றே நினைப்பார்கள்.

ஹைட்ராவின் உடல் சுவர் இரண்டே அடுக்குச் செல்களால் ஆனது. உள்ளே தண்ணீர், வெளியே தண்ணீர். தட்டைப்புழு ஏன் தட்டையாக இருக்கிறது? ரத்த ஓட்டம் இல்லாத உயிர் பருத்தால் நடுவில் இருக்கும் செல்கள் மூச்சுத் திணறிச் செத்துவிடும். நீளலாம், அகலலாம், தடிக்க முடியாது. அதன் குடலும் உடல் முழுக்கக் கிளைத்துப் போய்ச் சாப்பாட்டைப் பக்கத்திலேயே கொடுத்துவிடுகிறது.

பூச்சிகள் எடுத்த வழி எனக்கு எப்போதும் வியப்புதான். அவை காற்றை ரத்தத்தில் ஏற்றுவதே இல்லை. உடலின் பக்கவாட்டில் சுவாசத்துளைகள் இருக்கின்றன. அங்கிருந்து மூச்சுக்குழல்கள் கிளை கிளையாகப் பிரிந்து, காற்றை நேராகச் செல்லின் வாசலுக்கே கொண்டுபோகின்றன. கரப்பான் பூச்சியின் ரத்தம் சிவப்பாக இல்லாததற்குக் காரணம் இதுதான். ஆக்சிஜனைச் சுமக்கும் வேலை அதற்கு இல்லை, நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் இரும்புள்ள சிவப்புப் புரதமான ஹீமோகுளோபின் தேவைப்படவும் இல்லை. அதன் ரத்தம் குழாய்க்குள் அடைபடாமல் உறுப்புகளைச் சுற்றித் திறந்த அறையில் தேங்கி நகரும். இது திறந்த வகைச் சுற்றோட்டம்.

மண்புழுவில் ரத்தம் குழாய்களுக்குள்ளேயே ஓடுகிறது, அது மூடிய வகை. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். அதன் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் தாமிரம் உள்ள ஹீமோசயனின் இருப்பதால் ரத்தம் நீலமாக இருக்கும்.

எந்த உயிரை எடுத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எது தள்ளுகிறது அல்லது இழுக்கிறது? எதில் ஏறிப் போகிறது? எந்த இடத்தில் சுவர் மெலிந்து பரிமாற்றம் நடக்கிறது? இனி வரும் படிகளில் இந்த மூன்றைத்தான் தேடப் போகிறோம்.

படி 4: மரத்தில் தண்ணீர் ஏறுவதைப் பின்தொடருங்கள்

"சார், மரத்துக்கு இதயம் எங்கே இருக்கு?" என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் நல்ல கேள்வி அது. கலிபோர்னியாவில் உள்ள கடற்கரைச் செம்மரம் ஒன்றின் உயரம் 115 மீட்டருக்கும் மேல். மேலே இருந்து உறிஞ்சும் எந்தப் பம்பாலும் தண்ணீரைப் பத்து மீட்டருக்குச் சற்று மேல் ஏற்ற முடியாது. காற்றழுத்தம் தாங்கும் எல்லை அவ்வளவுதான். அப்படியானால் மீதி நூறு மீட்டருக்கு யார் பொறுப்பு?

1894-இல் ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் ஒரு விளக்கம் சொன்னார்கள், இன்றும் அதுவே நிற்கிறது. இலையில் இலைத்துளைகள் திறந்திருக்கின்றன. உள்ளே ஈரமான செல்சுவர்களிலிருந்து நீர் ஆவியாகிறது. சுவரின் நுண்ணிய இடுக்குகளில் தண்ணீர்ப் பரப்பு குழிந்து, பின்னால் உள்ள தண்ணீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால் அந்த இழுப்பு இலையிலிருந்து கிளை, தண்டு, வேர் வரை ஒரே சங்கிலியாக இறங்குகிறது. மரத்துக்குள் தண்ணீர் இழுத்துக் கட்டிய கயிறு போல விறைத்து நிற்கிறது. கயிற்றை இழுப்பது சூரியனின் வெப்பம். மரம் தன் கையிலிருந்து ஆற்றல் எதையும் இதற்குச் செலவழிப்பதில்லை.

தண்ணீர் போகும் சைலக் குழாய்கள் உயிரற்ற செல்கள். உள்ளே இருந்ததெல்லாம் கரைந்துபோய், லிக்னின் என்ற கட்டைப்பொருள் பூசிய கெட்டிச் சுவர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கெட்டியாக இல்லாவிட்டால் அந்த இழுப்பில் குழாய் நசுங்கிவிடும். கடும் வறட்சியில் இழுப்பு அளவு மீறும்போது நீர்ச் சங்கிலி அறுந்து குழாய்க்குள் குமிழி உண்டாகும். அறுபடும் அந்தச் சத்தத்தை நுட்பமான ஒலிக்கருவிகள் பதிவு செய்திருக்கின்றன.

வேர்ப்பக்கம் ஒரு சோதனைச்சாவடி இருப்பதையும் மறந்துவிடாதீர்கள். வேர்த்தூவி வழியாக வந்த தண்ணீர் செல்சுவர்களின் இடைவெளியிலேயே ஊர்ந்து உள்ளே வந்துவிடலாம். ஆனால் அகத்தோலில் காஸ்பாரியன் பட்டை என்ற மெழுகு போன்ற வளையம் வழியை அடைத்துவிடுகிறது. அங்கே ஒவ்வொன்றும் ஒரு செல்சவ்வைக் கடந்துதான் ஆக வேண்டும். எந்த உப்பு உள்ளே போகலாம், எது கூடாது என்பது அங்கே முடிவாகிறது.

இனி சோதனை. நீண்ட காம்புள்ள வெள்ளைப் பூ ஒன்றை எடுத்து, காம்பின் அடியைத் தண்ணீருக்குள் வைத்தபடியே சாய்வாக வெட்டுங்கள். வெளியே வெட்டினால் காற்று புகுந்து குழாய் அடைபடும். உடனே அடர்த்தியான உணவுச் சாயம் கலந்த தண்ணீரில் நிறுத்துங்கள். இன்னொரு பூவை அதே போல் வைத்து, பூவையும் இலையையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். சில மணி நேரத்தில் மூடாத பூவின் இதழ் நரம்புகளில் முதலில் நிறம் ஏறும். பையால் மூடியது பின்தங்கும். மூடிய பைக்குள் ஈரம் நிறைந்து ஆவியாதல் குறைந்துவிட்டது, இழுக்க ஆளில்லை. பிறகு காம்பைக் குறுக்கே மெல்லியதாக நறுக்கிப் பாருங்கள். காம்பு முழுக்க நிறம் இருக்காது. புள்ளி புள்ளியாகச் சில இடங்களில் மட்டும் இருக்கும். அந்தப் புள்ளிகள்தான் சைலம்.

படி 5: சர்க்கரை இறங்கும் வழி

இலையில் தயாரான சர்க்கரை வேருக்கும் கனிக்கும் போக வேறு பாதை: புளோயம். இது உயிருள்ள குழாய். சல்லடைக் குழாய்ச் செல்களில் உட்கரு இருக்காது, பக்கத்தில் ஒட்டியிருக்கும் துணைச்செல்தான் அவற்றைப் பராமரிக்கிறது. இலைப்பக்கம் சர்க்கரை ஆற்றல் செலவழித்து ஏற்றப்படுகிறது. சர்க்கரை ஏறினால் சவ்வூடு பரவலால் தண்ணீரும் ஏறும், அழுத்தம் கூடும். வேர்ப்பக்கம் சர்க்கரை இறக்கப்படுவதால் தண்ணீர் வெளியேறி அழுத்தம் குறையும். கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மொத்தக் கரைசலும் நகர்கிறது, மணிக்கு ஒரு மீட்டர் அளவில். இந்த விளக்கத்தைத் தந்தவர் எர்ன்ஸ்ட் முன்ச். அவர் அதை விரிவாக வெளியிட்டது 1930-இல்.

பயிர்களில் ஒட்டும் அசுவினி இதற்கு நல்ல சாட்சி. அதன் ஊசி போன்ற வாய்ப்பகுதி ஒரே ஒரு சல்லடைக் குழாய்க்குள் குத்தி நிற்கும். பூச்சி உறிஞ்ச வேண்டிய அவசியம்கூட இல்லை, அழுத்தமே சாற்றை உள்ளே தள்ளுகிறது. வேண்டாத மிச்சம் பின்புறம் இனிப்புச் சொட்டாக வழிகிறது, எறும்புகள் அதைத் தேடி வரும். ஆய்வாளர்கள் பூச்சியை வெட்டி நீக்கிவிட்டு வாய் ஊசியை மட்டும் விட்டுவைத்தபோதும் சாறு மணிக்கணக்கில் சொட்டிக்கொண்டே இருந்தது.

புளோயம் எப்போதும் மேலிருந்து கீழே போகும் என்று எழுதாதீர்கள். உருளைக்கிழங்கு மண்ணுக்குள் வளரும்போது சர்க்கரை கீழே போகிறது. அதே கிழங்கு முளைவிடும்போது சர்க்கரை கிழங்கிலிருந்து மேலே தளிருக்கு ஏறுகிறது. எங்கே உற்பத்தி, எங்கே தேவை என்பதுதான் திசையைத் தீர்மானிக்கும்.

தாவரக் கழிவைப் பற்றிச் சுருக்கமாக: தாவரங்களுக்கு சிறுநீரகம் கிடையாது, பெரிதாகத் தேவையும் இல்லை. நைட்ரஜனை அவை திரும்பத் திரும்பப் பயன்படுத்துகின்றன. வேண்டாதவற்றை வெற்றிடக் குமிழ்களில் பூட்டிவைக்கும், கால்சியம் ஆக்சலேட் படிகமாக ஒதுக்கும், மரத்தின் நடுவைரத்தில் சேர்க்கும், உதிரும் இலையோடு அனுப்பிவிடும்.

படி 6: ரத்தம் சுற்றுகிறது என்பதை உங்கள் கையிலேயே உறுதிசெய்யுங்கள்

கல்லீரல் உணவிலிருந்து புதிது புதிதாக ரத்தம் செய்கிறது, உறுப்புகள் அதைச் செலவழித்துவிடுகின்றன என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மருத்துவர்கள் நம்பினார்கள். பழங்கால கிரேக்க மருத்துவர் கேலன் சொன்னது அது. நுரையீரல் வழியாக ரத்தம் போய்வருவதை 13-ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அல்-நஃபீஸ் எழுதியிருந்தார். முழுச் சுற்றையும் நிறுவியவர் வில்லியம் ஹார்வி, ஆண்டு 1628. அவர் செய்தது ஒரு எளிய பெருக்கல். ஒரு துடிப்புக்கு மிகக் குறைந்த அளவே வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், அரை மணி நேரத்தில் இதயம் தள்ளும் ரத்தம் உடலில் உள்ள மொத்த ரத்தத்தை விட அதிகம். அவ்வளவையும் உணவிலிருந்து செய்ய முடியாது. அதே ரத்தம்தான் திரும்பி வர வேண்டும்.

நீங்களும் பெருக்கிப் பாருங்கள். அமைதியாக உட்கார்ந்து மணிக்கட்டில் ஒரு நிமிடம் நாடி எண்ணுங்கள். 72 என்று வைப்போம். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி. பெருக்கினால் ஏறக்குறைய 5 லிட்டர். பெரியவர் உடலில் இருக்கும் ரத்தமும் அதே 5 லிட்டர்தான். ஒரு நிமிடத்துக்கு ஒரு முழுச் சுற்று.

அடுத்தது ஹார்வி காட்டிய விரல் சோதனை. கையைத் தொங்கவிட்டு, முழங்கைக்கு மேல் ஒரு துணியை லேசாகச் சுற்றுங்கள். இறுக்கிக் கட்டக் கூடாது, ஓரிரு நிமிடத்தில் அவிழ்த்துவிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக் குழாய் இணைத்தவர்களும் இதைச் செய்ய வேண்டாம். முன்கையில் சிரைகள் என்ற ரத்தக் குழாய்கள் புடைத்து நிற்கும், நடுநடுவே முடிச்சு போலத் தெரிபவை வால்வுகள். ஒரு முடிச்சுக்குக் கீழே, உள்ளங்கைப் பக்கம், சிரையை ஒரு விரலால் அழுத்துங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முடிச்சைத் தாண்டி மேல்நோக்கி வழித்துவிட்டு, அந்த விரலை எடுத்துவிடுங்கள். முடிச்சுக்குக் கீழே சிரை தட்டையாகக் காலியாகவே கிடக்கும். மேலே இருக்கும் ரத்தம் கீழே இறங்கவில்லை, வால்வு அடைத்துக்கொண்டது. இப்போது முதல் விரலை எடுங்கள். கீழிருந்து சட்டென்று நிரம்பும். சிரையில் போக்குவரத்து இதயத்தை நோக்கி மட்டும்தான் என்பதை உங்கள் விரல் நுனி சொல்லிவிட்டது.

ஹார்விக்கு ஒரு துண்டு மட்டும் கிடைக்கவில்லை. இதயத்திலிருந்து வெளியே போகும் தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படிப் போகிறது என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. அவர் 1657-இல் இறந்தார். நான்கே ஆண்டுகளில், 1661-இல், மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்து, இரண்டையும் இணைக்கும் மிக நுண்ணிய குழாய்களான தந்துகிகளைக் கண்டார்.

இதயத்தின் அறைக் கணக்கு: மீனுக்கு இரண்டு அறை, ஒரே சுற்று. இதயத்திலிருந்து செவுளுக்குப் போன ரத்தம் அங்கேயே அழுத்தம் இழந்து, மெதுவாக உடலுக்குள் போகிறது. தவளைக்கு மூன்று. பறவைக்கும் பாலூட்டிக்கும் முதலைக்கும் நான்கு. பறவையிலும் பாலூட்டியிலும் வலப்பாதி நுரையீரலுக்கு, இடப்பாதி உடலுக்கு. இரண்டும் தள்ளும் ரத்தத்தின் அளவு சமம், அழுத்தம்தான் வேறு. நுரையீரலின் மெல்லிய தந்துகிகள் அதிக அழுத்தத்தைத் தாங்காது, உடல் முழுக்கச் சுற்ற அதிக அழுத்தம் வேண்டும். இரட்டைச் சுற்றின் பயனே அதுதான்.

தமனி என்றால் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம், சிரை என்றால் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். இதயத்திலிருந்து வெளியே போனால் தமனி, உள்ளே வந்தால் சிரை. நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம்தான் ஓடுகிறது. சிரை ரத்தம் நீலமும் இல்லை, அடர் சிவப்பு. தோல் வழியே பார்ப்பதால் நீலமாகத் தெரிகிறது.

இனி, முதல் படியில் எழுதி ஒட்டிய எண்களுக்குத் திரும்புங்கள். இதயத்துக்குள் எப்போதும் ரத்தம் நிறைந்திருக்கிறது. அப்படியிருந்தும் இதயத் தசைக்குத் தனியாகக் கரோனரித் தமனிகள் ஏன் வேண்டும்? உடலுக்கு ரத்தம் தள்ளும் கீழறையான இடது வென்ட்ரிக்கிளின் சுவர் ஏறக்குறைய ஒரு செ.மீ. தடிமன். உள்ளே ததும்பும் ரத்தத்திலிருந்து பரவல் மூலம் ஆக்சிஜன் அந்தச் சுவரைக் கடக்க ஏழு மணி நேரம் ஆகும். கரோனரித் தமனி அடைத்தால் நெஞ்சு வலி வருவதன் காரணம் இந்த ஒரு செ.மீ.தான். ரத்தத்துக்கு நடுவே இருந்துகொண்டு ரத்தமில்லாமல் தசை சாகிறது.

படி 7: உண்மையான வேலை நடக்கும் இடத்துக்கு வாருங்கள்

இதயமும் பெருந்தமனியும் வெறும் நெடுஞ்சாலை. சரக்கு இறங்குவது தந்துகியில். அதன் அகலம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர், சிவப்பணு சற்றே வளைந்து ஒற்றை வரிசையில் நுழைய வேண்டும். சுவர் ஒரே செல் தடிமன். பெருந்தமனியில் நொடிக்குப் பல பத்து செ.மீ. வேகத்தில் பாய்ந்த ரத்தம் இங்கே நொடிக்கு ஒரு மி.மீ. அளவுக்கும் குறைந்து ஊர்கிறது. ஒரு தந்துகி மிகக் குறுகல்தான், ஆனால் எல்லாத் தந்துகிகளின் குறுக்குப் பரப்பையும் கூட்டினால் பெருந்தமனியை விடப் பல நூறு மடங்கு வரும். ஆறு அகலமான ஏரிக்குள் புகுந்தால் வேகம் குறைவது போல. அந்த நிதானத்தில்தான் பரவலுக்கு நேரம் கிடைக்கிறது. உடலின் பெரும்பாலான செல்கள் ஏதாவது ஒரு தந்துகியிலிருந்து 0.1 மி.மீ.க்குள், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இருக்கின்றன. கண்ணின் கருவிழிப் படலம் விதிவிலக்கு. ஒளி தடையின்றிப் போக அங்கே ரத்தக் குழாய் இல்லை, ஆக்சிஜனை நேராகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

ஆக்சிஜன் தண்ணீரில் அதிகம் கரையாது. 100 மில்லி ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் கரைவது 0.3 மில்லி அளவுதான். ஹீமோகுளோபின் சேர்ந்தால் அதே 100 மில்லி ரத்தம் 20 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கிறது. கார்பன் டை ஆக்சைடின் கதை வேறு. பெரும்பங்கு, ஏறக்குறைய 70 சதவீதம், பைகார்பனேட்டாக மாறிப் பிளாஸ்மாவில் கரைந்து போகிறது. ஒரு பகுதி ஹீமோகுளோபினோடு ஒட்டிப் போகும், மிச்சம் அப்படியே கரையும்.

தந்துகியிலிருந்து கொஞ்சம் நீரும் கசிந்து செல்களைச் சுற்றி நிற்கும். பிளாஸ்மாவில் உள்ள ஆல்புமின் புரதம் அதில் பெரும்பகுதியைத் திரும்ப இழுக்கிறது. புரதச் சத்து மிகவும் குறைந்த குழந்தையின் காலும் வயிறும் வீங்குவதற்கு ஆல்புமின் குறைவது ஒரு காரணம். திரும்பாமல் நிற்கும் மீதியை நிணநீர்க் குழாய்கள் சேகரித்து, கழுத்தருகே பெருஞ்சிரையில் கொண்டுவந்து விடுகின்றன. குடலில் உறிஞ்சப்படும் கொழுப்பின் பெரும்பகுதியும் இந்த நிணநீர் வழியாகத்தான் ரத்தத்துக்கு வருகிறது. சர்க்கரையும் அமினோ அமிலமும் அப்படியில்லை, கல்லீரல் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலில் கணக்குக் காட்டிவிட்டுத்தான் வெளியே வர முடியும்.

படி 8: கழிவின் வழி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மலத்தின் பெரும்பகுதி கழிவுநீக்கத்தில் சேராது. செரிக்காத நாரும் குடல் பாக்டீரியாவும் உடலின் செல்களுக்குள் போனதே இல்லை, குழாயின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறுகின்றன. மலத்துக்கு நிறம் தரும் பொருள் மட்டும் சிதைந்த ஹீமோகுளோபினிலிருந்து வந்த உண்மையான கழிவு. செல்கள் உண்டாக்கும் முக்கியக் கழிவுகள் இரண்டு: கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன் கழிவு.

அமினோ அமிலம் சிதைந்தால் அமோனியா வரும். அது கடும் நஞ்சு. மீன் அதைச் செவுள் வழியாகச் சுற்றியுள்ள தண்ணீரிலேயே விட்டுவிடும். நமக்கு அவ்வளவு தண்ணீர் இல்லாததால் கல்லீரல் அதை யூரியாவாக மாற்றுகிறது. பறவைகளும் பல்லிகளும் பூச்சிகளும் யூரிக் அமிலமாக்கி, ஏறக்குறைய நீரே இல்லாமல் வெளியேற்றுகின்றன. பறவை எச்சத்தின் வெள்ளைப் பகுதி அதுதான்.

சிறுநீரகம் வேலை செய்யும் முறை முதலில் விசித்திரமாகத் தோன்றும். அழுக்கைப் பொறுக்கி எடுப்பதற்குப் பதிலாக, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு நல்லதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான் என்ற நுண் வடிகட்டிகள். குளோமெருலஸ் என்ற தந்துகி முடிச்சில் ரத்த அழுத்தமே நீரையும் சிறு மூலக்கூறுகளையும் வடித்துத் தள்ளுகிறது, சிவப்பணுவும் பெரிய புரதமும் தங்கிவிடும். இப்படி ஒரு நாளைக்கு வடிவது 180 லிட்டர். சிறுநீராக வெளியே வருவதோ ஒன்றரை லிட்டர் அளவு. மீதி முழுவதும் குழல்களில் திரும்ப உறிஞ்சப்படுகிறது. குளுக்கோஸ் ஒன்று விடாமல் திரும்புகிறது, படி 2-இல் பார்த்த அதே சோடியம்–குளுக்கோஸ் வகைக் கதவுகள் வழியாக. ரத்தத்தில் சர்க்கரை 100 மில்லிக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் கதவுகள் போதாமல் சிறுநீரில் வழிகிறது.

சிறுநீரகம் நின்றுவிட்டால்? 1943-இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர், செலோபேன் குழாய்க்குள் ரத்தத்தை ஓடவிட்டு, அதை உப்புக் கரைசலில் சுழலவைத்தார். யூரியா தானாக வெளியே பரவியது. இன்றைய டயாலிசிஸ் உருளைக்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைக் குழல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் உள்ளகலம் 0.2 மி.மீ. அளவு. ஏன் அவ்வளவு மெல்லியது என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

படி 9: ஒரு மூலக்கூறின் பின்னால் போங்கள்

கற்றது நின்றதா என்று பார்க்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. வெள்ளைத் தாள், பென்சில், புத்தகம் மூடியிருக்கட்டும். சிறுகுடலில் இருக்கும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறைத் தொடைத் தசை வரை கொண்டுபோங்கள். குடலுறிஞ்சியின் (குடல் சுவரில் விரல் போல நீண்டிருக்கும் பகுதி) தந்துகி, போர்ட்டல் சிரை, கல்லீரல், கல்லீரல் சிரை, கீழ்ப்பெருஞ்சிரை, வலது ஏட்ரியம் (இதயத்தின் மேலறை), வலது வென்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, நுரையீரல் தந்துகி, நுரையீரல் சிரை, இடது ஏட்ரியம், இடது வென்ட்ரிக்கிள், பெருந்தமனி, தொடைத் தமனி, தசைத் தந்துகி, செல். நுரையீரலை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. குளுக்கோஸுக்கு அங்கே வேலை இல்லைதான், ஆனால் வலப்பாதியிலிருந்து இடப்பாதிக்குப் போக வேறு வழி இல்லை.

அடுத்து, அந்தத் தசையில் எரிந்து வந்த கார்பன் டை ஆக்சைடை மூக்கு வரை கொண்டுவாருங்கள். எந்தெந்த இடத்தில் அது பரவலால் நகர்ந்தது, எந்த இடத்தில் ஓட்டத்தில் ஏறிப் போனது என்று இரண்டு நிறத்தில் குறியுங்கள். பரவல் நிறம் இரண்டே இடத்தில், கோடு தெரியாத அளவுக்குக் குட்டையாக வரும்.

கடைசியாக, கல்லீரலில் உண்டான ஒரு யூரியா மூலக்கூறு. இதயத்தின் வலப்பாதி, நுரையீரல், இடப்பாதி, பெருந்தமனி, சிறுநீரகத் தமனி என்று வரைந்துவிட்டு முடிந்தது என்று பென்சிலைக் கீழே வைத்துவிடாதீர்கள். ஒரு சுற்றில் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே சிறுநீரகத்துக்குப் போகிறது. அப்படிப் போன பிளாஸ்மாவிலும் ஐந்தில் ஒரு பங்குதான் வடிகிறது. ஆக, ஒரு சுற்றில் நம் மூலக்கூறு வடிகட்டப்படும் வாய்ப்பு இருபத்தைந்தில் ஒன்று. வடிந்த யூரியாவிலும் ஏறக்குறைய பாதி திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும். ஐம்பதில் ஒன்று. நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தால், ரத்தத்திலேயே தங்கினால்கூட அந்த மூலக்கூறு உடலைச் சராசரியாக ஐம்பது தடவை சுற்றிய பிறகுதான் சிறுநீர்ப்பை வந்து சேரும். நடுவில் அது தந்துகிச் சுவரைத் தாண்டிச் செல்களுக்குள்ளும் போய்வரும் என்பதால், உண்மையில் இன்னும் பல மணி நேரம் அலையும். தாளில் அந்தச் சுற்றுகளை வரைய இடம் விட்டுவையுங்கள்.